ஆன்லைன் கிளாட் கோர்ஸ்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"அத்தை, இந்த ஆன்லைன் சார் பாதிக்கு மேல் ஹிந்தியில்தான் பேசுகிறார்" என்று அண்ணன் மகள் சொன்னபோது, அவளுடைய கிளாட் கோர்ஸுக்குப் பணம் கட்டி பதினோரு நாள் ஆகியிருந்தது. கட்டியது முப்பதாயிரத்துக்குப் பக்கம். ஐந்நூறு மணி நேர வீடியோ உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இருந்தது. எந்த மொழியில் என்று போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் மதுரையில் வக்கீல். பிளஸ் 2 மார்க்கை வைத்து அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தவள். சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வை எழுதியதே இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் ஒன்பது மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறையப் பேர் போன் செய்து "எந்த ஆன்லைன் கோர்ஸ் நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

உங்களுக்கு இந்தத் தேர்வு வேண்டுமா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள், முப்பதாயிரம் மிச்சமாகலாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறது. சென்னையில் அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளிக்கும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. உங்கள் இலக்கு இந்தக் கல்லூரிகள் என்றால் பிளஸ் 2 பாடத்தைப் படியுங்கள். கோர்ஸ் விற்கிறவர் எத்தனை முறை போன் செய்தாலும் எடுக்க வேண்டாம்.

கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, கொச்சி என்று நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இதன் வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. நம் ஊரில் திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று தனி இடங்களும் இருக்கின்றன. டெல்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் இந்தப் பொதுத் தேர்வில் சேராமல் ஐலெட் என்ற தேர்வைத் தனியாக நடத்துகிறது.

கட்டணத்தையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். இந்தப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செலவாகும். கல்விக் கடன், உதவித்தொகை எல்லாம் உண்டு. ஆனால் ரேங்க் வந்த பிறகு "அவ்வளவா?" என்று அப்பா திகைப்பதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பிளஸ் 2 பொதுத் தேர்வு முடிந்து, ஏப்ரல், மே மாதங்களில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். கிளாட் முன்பு மே மாதத்தில் நடந்தது; இப்போது டிசம்பரில் நடக்கிறது. 2024-இல் டிசம்பர் 1, 2025-இல் டிசம்பர் 7, இரண்டுமே ஞாயிறு. அதாவது பிளஸ் 2 படித்துக்கொண்டிருக்கும்போதே, அரையாண்டுத் தேர்வை ஒட்டி இதையும் எழுத வேண்டும். விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறந்து தீபாவளியை ஒட்டி முடிந்துவிடும். 2025-இல் விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு 3,500. பிளஸ் 2-வில் 45 சதவீதம் இருந்தால் போதும், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 40. வயது உச்சவரம்பு இல்லை.

பிளஸ் 1 முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கினால் ஏழெட்டு மாதம் கிடைக்கும். தாராளமாகப் போதும். ஜூலையில்தான் தெரிய வந்தது என்றால் அதுவும் பரவாயில்லை. ஆனால் ஐந்நூறு மணி நேர வீடியோவை அப்போது வாங்காதீர்கள். பார்த்து முடிக்கும்போது தேர்வு போயிருக்கும். எட்டாம் வகுப்பிலிருந்தே சேரச் சொல்கிற 'ஃபவுண்டேஷன் பேட்ச்' பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை விளையாடட்டும்.

பணம் கட்டும் முன்: அந்த ஞாயிறு

கிளாட் தேர்வை நடத்துவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கன்சார்டியம் என்ற கூட்டமைப்பு. அதன் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். 2023 டிசம்பரிலோ அதற்குப் பிறகோ நடந்த தேர்வின் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, கூடவே விடை வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு உட்கார்ந்து நான்கு மணிக்கு எழுந்திருங்கள். உண்மைத் தேர்வின் நேரமும் அதுதான். சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கத்தையும் சேர்த்துத்தான் பழக வேண்டும்.

ஆண்டைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2019 வரை இருநூறு கேள்வி, அதில் சட்ட அறிவை நேரடியாகச் சோதிக்கும் கேள்விகளும் இருந்தன. 2020-இல் எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வதாக மாறி, கேள்விகள் 150 ஆயின. 2023 டிசம்பர் முதல் 120 கேள்வி, 120 நிமிடம். இன்றும் லத்தீன் சட்டத் தொடர்களை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்யச் சொல்லும் மெட்டீரியல் சந்தையில் சுற்றுகிறது. பழைய சரக்கு.

இந்த 120 கேள்விகள் எப்படிப் பிரிகின்றன என்றால், சட்டத் தர்க்கம் 28 முதல் 32 வரை, நடப்பு நிகழ்வும் பொது அறிவும் 28 முதல் 32 வரை, ஆங்கிலம் 22 முதல் 26, தர்க்கம் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14. பத்தி ஒவ்வொன்றும் 450 சொல் வரை போகும். மொத்தமாகக் கூட்டினால், கேள்விகளைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட பத்தாயிரம் சொல்லைப் படிக்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் எழுத வழியில்லை.

என் அண்ணன் மகள் முதல் தாளில் 47-ஆவது கேள்வியில் இருக்கும்போது மணி நான்கு. பள்ளியில் ஆங்கிலத்தில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிற பெண், அன்று அழுதுவிட்டாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி, நோய் என்னவென்று தெரிந்துவிட்டதே. அவள் எழுதிய 47-இல் பெரும்பாலானவை சரி. அவளுக்குப் புரியாமல் இல்லை, வேகம்தான் இல்லை. பணம் கட்டும் முன்பே இந்தத் தாளை எழுதியிருந்தால் ஐந்நூறு மணி நேர வீடியோ வாங்கியிருக்க மாட்டோம். வீடியோ பார்த்து வாசிப்பு வேகம் வராது.

நீங்கள் எழுதிப் பார்த்துவிட்டு மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை கேள்வி தொட்டீர்கள், எத்தனை சரி, எத்தனை தவறு. தொட்டது குறைவு என்றால் வாசிப்புதான் சிக்கல். நூற்றுக்கு மேல் தொட்டு, பாதி தவறு என்றால் நிதானம்தான் சிக்கல். ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போகும். எந்தக் கோர்ஸ் வேண்டும் என்பதை இந்த மூன்று எண்கள் சொல்லிவிடும்.

டெமோ கிளாஸில் என்ன பார்ப்பது

எல்லா நிறுவனமும் டெமோ கிளாஸ் தரும். பெரும்பாலும் அவர்களிடம் இருப்பதிலேயே சிறந்த ஆசிரியரின் சிறந்த வகுப்பாக அது இருக்கும். அதனால் டெமோவைப் பார்த்த பிறகு, நடந்துகொண்டிருக்கும் பேட்சில் ஒரு சாதாரண நாள் வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்கினால், அதுவும் ஒரு பதில்தான்.

மொழியை அங்கே கவனியுங்கள். கிளாட் பயிற்சி நிறுவனங்களில் நிறைய வட இந்தியாவைச் சேர்ந்தவை. பாடம் ஆங்கிலத்தில் என்று போட்டிருக்கும். முக்கியமான இடம் வரும்போது ஆசிரியர் இயல்பாக ஹிந்திக்குப் போய்விடுவார், ஜோக் அடிப்பதும் அதில்தான். என் அண்ணன் மகள் வகுப்பில் ஆசிரியர் "சம்ஜே?" (புரிந்ததா?) என்று கேட்டதும் சாட்டில் நூறு பேர் 'எஸ் சார்' போடுவார்கள். இவளும் போடுவாள். புரியவில்லை என்று எழுத வெட்கம். முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் பேட்ச் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸப் போதும்.

அப்புறம் கேட்க வேண்டியவை. மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எத்தனை? 120 கேள்வி முறையில் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு விடை உண்டா, இல்லை வெறும் விடைக் குறிப்பா? டவுட் கேட்டால் யார், எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்வார்? ஆயிரம் பேர் இருக்கும் டெலிகிராம் குழுவில் போடச் சொன்னால் அதை டவுட் கிளாஸ் என்று கணக்கில் வைக்காதீர்கள். லைவ் கிளாஸ் எத்தனை மணிக்கு? பள்ளி, டியூஷன் முடிந்து வீடு வர ஏழு ஆகிறது என்றால் ஐந்து மணி லைவ் உங்களுக்கு ரெக்கார்டிங்தான், அதற்கு ஏன் லைவ் விலை? எந்த ஆண்டுத் தேர்வு வரை செல்லுபடியாகும்? இதில் ஒரு குழப்பம் வரும்: 2025 டிசம்பரில் எழுதும் தேர்வின் பெயர் 'கிளாட் 2026'. சேர்க்கை நடக்கும் ஆண்டைத்தான் பெயரில் போடுவார்கள். பேட்ச் பெயரைப் பார்த்து ஒரு வருடம் தள்ளி வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பணம் கொடுக்கத் தகுந்தவை இரண்டு: நல்ல மாக் டெஸ்ட் தொகுப்பு, எழுதியதைப் பார்த்துத் தவறைச் சொல்லும் ஒரு ஆள். முழு கோர்ஸ் எடுக்காமல் மாக் டெஸ்ட் தொகுப்பை மட்டும் தனியாக வாங்க முடியும், விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். தானாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது போதும். யாராவது நேரம் குறித்துக் கூப்பிட்டால்தான் உட்காரும் பிள்ளை என்றால் லைவ் கிளாஸ் எடுங்கள், தப்பில்லை.

வசதி இல்லாதவர்கள் ஐடியா என்ற அமைப்பை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இந்த நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறார்கள், சேர்ந்த பிறகும் துணை நிற்கிறார்கள். அரசு மாதிரிப் பள்ளியில் படிப்பவர்கள், வெளியே பணம் கட்டும் முன் பள்ளியிலேயே விசாரியுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் வக்கீலாக நான்கு வார்த்தை

போனில் பேசும் ஆலோசகர் "இன்று இரவு பன்னிரண்டு மணிக்கு ஆஃபர் முடிகிறது" என்பார். முடியாது. அடுத்த வாரம் வேறு பெயரில் வரும்.

டாப்பர் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே பையன் முகம் மூன்று நிறுவனங்களின் விளம்பரத்தில் சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றில் கோர்ஸ், ஒன்றில் மாக் டெஸ்ட், இன்னொன்றில் இலவச இன்டர்வியூ என்று இருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிறுவன விளம்பரங்களுக்கு வழிமுறை வெளியிட்டது. வென்ற மாணவர் எந்தக் கோர்ஸ் படித்தார், எவ்வளவு காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதத்தையும் வெற்றிக்குப் பிறகுதான் வாங்க வேண்டும். இந்த விவரம் இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இ.எம்.ஐ. என்று சொன்னால் அது யாரிடம் என்று கேளுங்கள். பல நேரம் நிறுவனம் உங்களுக்குத் தவணை தருவதில்லை. வேறொரு நிதி நிறுவனத்திடம் உங்கள் அப்பா பெயரில் கடன் போட்டு, முழுப் பணத்தையும் அன்றே வாங்கிக்கொள்ளும். இரண்டாம் மாதம் கோர்ஸ் பிடிக்கவில்லை என்று நின்றால், வகுப்பு நிற்கும், தவணை நிற்காது. கட்டவில்லை என்றால், பின்னால் கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் இறங்கும். ஆகவே ஓ.டி.பி. சொல்வதற்கு முன் கடன் ஒப்பந்தத்தை மெயிலில் அனுப்பச் சொல்லிப் படியுங்கள். பணம் திரும்பத் தரும் விதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இணையதளத்தில் அது மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் பதினோரு நாள் கதையில், ஏழு நாளுக்குள் கேட்டிருந்தால்தான் பணம் திரும்பும் என்று விதி இருந்தது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நானே அதைப் படிக்காமல் விட்டிருந்தேன். சிக்கல் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

சட்டத் தர்க்கம்: ஒரு கேள்வியைக் கிட்டத்தில் பார்ப்போம்

பெயரைக் கேட்டதும் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்படுகிறார்கள். தெரிந்திருப்பதே சில சமயம் தொல்லை. பத்தியில் ஒரு சட்ட நெறி கொடுத்திருப்பார்கள், கீழே ஒரு கதை. நெறியைக் கதையில் பொருத்த வேண்டும். அவ்வளவுதான். நான் என் அண்ணன் மகளுக்காக எழுதிய ஒன்று, அளவில் சின்னது:

நெறி: 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அவர் தன் வயதைப் பொய்யாகச் சொல்லியிருந்தாலும் அந்த ஒப்பந்தத்தின் அடிப்படையில் அவரிடம் பணம் கேட்க முடியாது.

கதை: 17 வயது கவிதா, தனக்கு 19 என்று சொல்லி, கடையில் தவணைக்கு ஒரு ஸ்கூட்டி வாங்குகிறாள். இரண்டு தவணை கட்டுகிறாள். மூன்றாவது தவணைக்குள் அவளுக்கு 18 நிரம்பிவிடுகிறது. அதன் பின் கட்டவில்லை. ஒப்பந்தப்படி மீதித் தவணை கேட்டு கடைக்காரர் வழக்குப் போடுகிறார்.

விடைகள்: அ. பொய் சொன்னதால் கட்ட வேண்டும். ஆ. இப்போது 18 ஆகிவிட்டதால் இனி வரும் தவணைகளைக் கட்ட வேண்டும். இ. ஒப்பந்தம் செய்தபோது 18 ஆகாததால் கட்ட வேண்டியதில்லை. ஈ. ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டிருப்பதால் பாதியாவது கட்ட வேண்டும்.

முதல் தடவை என் அண்ணன் மகள் ஈ என்றாள். கேட்டால், "பாவம் அத்தை கடைக்காரர்" என்றாள். கிளாட் கேள்வி எழுதுகிறவர் அந்தப் பாவத்தை நம்பித்தான் நான்காவது விடையை வைக்கிறார். நியாயமாகப் படுவது ஒன்று, நெறி சொல்வது ஒன்று. ஆ இன்னும் தந்திரமானது: வயது 18 என்ற எண் நெறியிலும் வருகிறது, விடையிலும் வருகிறது, கண் ஏமாந்துவிடும். நெறியில் இருக்கும் 'தொடக்கத்திலிருந்தே' என்ற சொல்தான் ஆ-வை அடித்துப் போடுகிறது. விடை இ.

கொஞ்சம் சட்டம் படித்த பிள்ளை வேறு வழியில் விழும். வாங்கிய பொருளைத் திருப்பித் தர நீதிமன்றம் சொல்லலாமே என்று எங்கோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கும். பத்தியில் அது இல்லை, கேள்வியும் அதைப் பற்றியது இல்லை. அடுத்த கேள்வியில் நெறியையே மாற்றுவார்கள்: 'பொய் சொன்னவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று நெறி இருந்தால்?' அப்போது விடை அ. இந்த வளைவுக்குப் பழகினால் சட்டத் தர்க்கம் மதிப்பெண் அள்ளும் பகுதி.

சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது: இந்த நெறி கற்பனை இல்லை. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று, ஆங்கிலேயர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903-இல் மோஹரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. பிளஸ் 2 படிக்கும் நீங்கள் பெரும்பாலும் 17. கோர்ஸுக்கு 'ஐ அக்ரீ' அழுத்தும் வேலையை அப்பா அம்மாவிடம் விடச் சொல்வதற்கு அதுவும் காரணம்.

வாசிப்பு, மற்றவை

கோர்ஸ் எதுவாக இருந்தாலும் தினமும் நாற்பது நிமிட ஆங்கில வாசிப்பை யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நான் சொல்வது: ஒரே செய்தியை முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படியுங்கள், பிறகு அதையே ஆங்கிலப் பத்திரிகையில் படியுங்கள். விஷயம் தெரிந்த பிறகு படிக்கும்போது தெரியாத சொல் தானாகப் பிடிபடும், அகராதியைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் தமிழ்ப் படிக்கட்டு தேவைப்படாமல் போகும். மாவட்ட மைய நூலகத்தில் எல்லாப் பத்திரிகையும் இலவசம், மின்விசிறியும் ஓடும். தலையங்கத்தைப் படித்து மூடிவிட்டு, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று இரண்டு வரியில் தமிழிலாவது எழுதுங்கள். ஆங்கிலப் பகுதிக்கும் தர்க்கப் பகுதிக்கும் இதுவே பயிற்சி. இரண்டிலும் கேட்பது ஆசிரியரின் வாதம் எது, அது எதை நம்பி நிற்கிறது என்பதுதான்.

நடப்பு நிகழ்வுக்கு நிறுவனங்கள் மாதாமாதம் இருநூறு பக்கத்தில் பி.டி.எஃப். அனுப்பும். அதை அப்படியே படிக்க முடியாது. தீர்ப்பு, சட்டத் திருத்தம், சர்வதேச ஒப்பந்தம், விருது, விண்வெளி என்று பெரிய செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் பின்னணி எழுதி வையுங்கள். செய்தியைவிட அதன் பின்னணியைத்தான் அதிகம் கேட்பார்கள்.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான்: சதவீதம், விகிதம், சராசரி. பயாலஜி எடுத்தவர்களும் செய்யலாம். வாரம் இரண்டு நாள் போதும்.

திரையில் படித்து தாளில் எழுதுவது

ஆன்லைன் கோர்ஸ் எடுத்தவர்கள் எல்லோரும் மறப்பது இதை. கிளாட் ஆன்லைன் தேர்வு இல்லை. பேனாவும் ஓ.எம்.ஆர். தாளும்தான். மாக் டெஸ்டோ போனிலோ லேப்டாப்பிலோ வரும். விடையைத் தொட்டால் முடிந்தது, தப்பென்றால் மாற்றிக்கொள்ளலாம். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க ஐந்தாறு விநாடி ஆகும். 120 கேள்விக்குக் கூட்டினால் பத்து நிமிடம், கிட்டத்தட்ட இரண்டு பத்தி. மாற்றவும் முடியாது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு அடுத்ததை அதன் வட்டத்தில் போட்டால், அங்கிருந்து வரிசையாக எல்லாம் தப்பு.

ஆகவே செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு மாக் டெஸ்டையாவது பிரிண்ட் எடுத்து, ஓ.எம்.ஆர். தாளில் எழுதுங்கள். பத்தி முடிந்ததும் அதற்குரிய நான்கைந்து வட்டங்களை ஒன்றாக நிரப்பும் பழக்கம் அவளுக்குக் கைகொடுத்தது. எழுதிய அன்றே விடை பார்க்க வேண்டாம், தலை சூடாக இருக்கும். மறுநாள் ஒரு நோட்டில் தவறுகளை மட்டும் எழுதுங்கள்: எந்தக் கேள்வி, நான் போட்டது, சரியானது, ஏன் ஏமாந்தேன். 'ஏன் ஏமாந்தேன்' என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'தவிர என்ற சொல்லைப் பார்க்கவில்லை', 'இரக்கப்பட்டேன்', 'பத்தியில் இல்லாததை நானே சேர்த்தேன்' என்று எழுத வேண்டும். ஆறு மாக் டெஸ்டுக்குப் பிறகு புரட்டினால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். என் அண்ணன் மகளுக்குக் கடைசிவரை 'இரக்கப்பட்டேன்'தான். நல்ல வக்கீலாக வருவாள் என்று நினைத்துக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை.

விடைக் குறிப்பு சொல்வதெல்லாம் வேதம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் தேர்வின் விடைகளை எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் முடிந்தது. தேர்வு நடத்துபவர்களுக்கே அப்படி என்றால், பயிற்சி நிறுவனத்தின் மாக் டெஸ்டிலும் தப்பு வரும். உங்கள் காரணம் பத்தியில் நிற்கிறது என்றால் டவுட்டில் போட்டுச் சண்டை பிடியுங்கள்.

தெரியாத கேள்விக்கு: இரண்டு விடைகளை உறுதியாக அடிக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைப் போடுங்கள். எதையும் அடிக்க முடியவில்லை என்றால் அங்கே உட்கார்ந்து யோசிக்காமல் அடுத்த பத்திக்குப் போங்கள். கால் மதிப்பெண்ணைவிட அங்கே போகும் இரண்டு நிமிடம் விலை அதிகம்.

ஐலெட் தேர்வும் டிசம்பரிலேயே வரும். அதில் 150 கேள்வி, அதே இரண்டு மணி நேரம், 70 கேள்வி தர்க்கம். கிளாட் பயிற்சியோடு தர்க்கத்தைக் கூட்டிக்கொண்டால் எழுதலாம்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு நடை

ஜூலை மாதமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். கிளாட் விண்ணப்பத்தில் சாதிப் பிரிவு, சொந்த மாநிலம் எல்லாம் கேட்பார்கள், பின்னால் மாற்றுவது கஷ்டம். தமிழ்நாட்டு இடங்களுக்கு இருப்பிடச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் தேவைப்படும். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓ.பி.சி. இடம் கேட்டால் ஏற்க மாட்டார்கள். அதற்கு மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரவில்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், வருமான ஆவணங்களும் கேட்பார்கள். விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து கைக்கு வர வாரங்கள் ஆகலாம். எங்களுக்கு இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை அண்ணன் பெயரில் இனிஷியல் மாறியிருந்தது, இரண்டாவது தடவை போட்டோ தெளிவில்லை.